காணாக்கடிக்குக் காரணம் தேடியபோது

1

சென்ற வாரம் ஒரு காலைப்பொழுது முழுக்க என் மகளின் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். இனியா இந்த ஆண்டுதான் முதல் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். அவள் பெயருக்கு எதிரே ‘நிலக்கடலை ஒவ்வாமை’ என்று இருப்பதை எடுத்துவிடச் சொல்லிப் போயிருந்தேன். மழலையர் பள்ளியிலிருந்து அவளுடைய விவரங்கள் எல்லாம் அப்படியே இங்கே வந்துவிட்டன.

அலுவலகப் பெண்மணி நல்லவர்தான். மருத்துவமனை தந்த தாளைப் பொறுமையாகப் படித்தார். “இதில் குழந்தை கடலையைச் சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை என்றுதான் இருக்கிறது. ஒவ்வாமை இல்லை என்று இல்லையே” என்றார். இரண்டும் ஒன்றுதானே என்றேன். எனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் அதை எப்படிச் சொல்லித் தொலைத்தேனோ, அவர் முகம் சற்றுச் சுருங்கியது. ஒவ்வாமை இருக்கிறது என்று சொன்னபோது ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிக்கொண்டார்கள். இல்லை என்று சொல்வதற்கு வேறொரு சான்றிதழ் வேண்டுமாம்.

கிளம்பும்போது அவராகவே கேட்டார். “அப்படியானால் குழந்தைக்கு உடம்பெல்லாம் அந்தத் தடிப்பு எதனால்தான் வந்தது?”

அது அலுவலகக் கேள்வி அல்ல, சாதாரண மனுஷியின் கேள்வி. தெரியாது என்றேன். பேருந்தில் திரும்பி வரும்போது அந்தக் கேள்விதான் மனதைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக அதற்கு எல்லோரிடமும் பதில் இருந்தது. பசுவந்தனையில் ஒரு பதில், கோவில்பட்டியில் ஒரு பதில், இங்கே ஒரு பதில். எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு பதில். அந்தப் பதில்கள் எங்களை என்ன செய்தன என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஊரில் இதைப் படிப்பவர்கள் யாருக்காவது பயன்படலாம். பயன்படாவிட்டாலும் எனக்கு எழுத வேண்டியிருக்கிறது.

2

நான் கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தவன். அந்த வேலைதான் ஜெர்மனியின் வடகோடியில் கொண்டுவந்து விட்டது. இங்கேயும் காற்றாலைதான். ஏறினால் கீழே மிளகாய்க் காட்டுக்குப் பதிலாகப் புல்வெளி தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். மனைவி சுமதி திருநெல்வேலிக்காரி. இனியா இங்கே பிறந்தாள்.

ஊரில் எங்கள் வீடு பசுவந்தனைக்கு அருகே. அப்பா அம்மா காலமாகிவிட்டார்கள். அண்ணன் முருகேசனும் மதினி பேச்சியம்மாளும் அந்த வீட்டில் இருந்தார்கள். கரிசல் காட்டில் மழையை நம்பி மிளகாயும் உளுந்தும் போடுவார்கள், கொஞ்சம் ஆடுகள் உண்டு. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லாமல் மேலே போனால் பின்னால் நடந்தது விளங்காது.

இனியாவுக்கு மூன்று வயதானபோது மாசி சிவராத்திரிக்கு ஊருக்குப் போனோம். குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று அண்ணன் பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் போய் இறங்கியதிலிருந்து இனியா மதினியின் இடுப்பில்தான் இருந்தாள். மதினி அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கும்போது, யாரும் கேட்காமலே, “எங்க கொழுந்தன் மக. வெளிநாட்டுப் பிள்ள. எங்கிட்ட எப்பிடி ஒட்டிக்கிட்டா பாருங்க” என்று சொல்லிக்கொண்டு போவாள்.

காது குத்து நன்றாகவே நடந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு பிள்ளை அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். ஊருக்கு வந்த இரண்டாம் வாரத்திலிருந்தே அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, லேசாக உடம்பு சுட்டது. காற்று மாற்றம், வெயில் மாற்றம் என்று விட்டுவிட்டோம். கோயிலிலிருந்து திரும்பிய சாயங்காலம் மதினி அவள் கையில் ஒரு கடலை மிட்டாயைக் கொடுத்தாள். கோவில்பட்டியிலிருந்து அண்ணன் பெட்டியோடு வாங்கி வந்திருந்தது. இனியா அதை நக்கியும் கடித்தும், கையெல்லாம் பிசுபிசுக்கத் தின்று முடித்தாள்.

மறுநாள் மதியம் சுமதி அவளைக் குளிப்பாட்ட உடுப்பைக் கழற்றினாள். அடுத்த நிமிடம் அவள் என்னைக் கூப்பிட்ட குரலில் நான் பதறி எழுந்து ஓடினேன். வயிறு, முதுகு, தொடை எல்லாம் தடித்துக் கிடந்தன. கொசுக்கடி போலச் சில, உள்ளங்கை அகலத்துக்குச் சில, சுற்றிலும் சிவந்து, நடுவில் வெளிறி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிற்றில் ஒன்று அமிழ்ந்து கழுத்தில் ஒன்று கிளம்பியது. ஒரு கண்ணின் இமை வீங்கி மூடிக்கொண்டது.

அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “காணாக்கடில இது” என்றான். “கடிச்சது என்னன்னு தெரியாது. நமக்கெல்லாம் வந்துருக்கு. வேப்பிலய அரைச்சுத் தடவுனா அமுந்துரும்.”

சுமதி பிள்ளையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். “ஒண்ணும் தடவ வேண்டாம். கோவில்பட்டிக்கு வண்டியக் கூப்பிடுங்க” என்றாள்.

3

கோவில்பட்டிக் குழந்தை மருத்துவர் அறை முழுக்கக் கூட்டம். எங்களை முதலில் உள்ளே விட்டார்கள். மருத்துவர் பிள்ளையின் மூச்சைக் கேட்டார், உதட்டையும் நாக்கையும் பார்த்தார். ஒரு சொட்டு மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரம் உட்காரச் சொன்னார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

“இது சின்னப் பிள்ளைகளுக்கு நெறைய வர்றதுதான். சளி, காய்ச்சல் வந்தா அதோட சேர்ந்து வரும். மருந்து ஒத்துக்காம வரும். பூச்சி கடிச்சு வரும். சாப்பாட்டாலயும் வரும். பல நேரம் என்ன காரணம்னே தெரியாது. ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும். மூச்சு இழுத்துச்சு, உதடு நாக்கு வீங்குச்சு, வாந்தி வந்துச்சுன்னா மட்டும் ஒரு நிமிஷம் தாமதிக்காதீங்க.”

பிறகு கேட்டார்: “புதுசா ஏதும் குடுத்தீங்களா?”

“கடலை மிட்டாய்” என்றாள் சுமதி.

“அப்ப அத நிறுத்திப் பாருங்க.”

அவ்வளவுதான் அவர் சொன்னது. யோசித்துப் பார்த்தால், அவர் சொன்னதில் முக்கால்வாசியை அந்த அறையிலேயே விட்டுவிட்டுக் கடலையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம். சளி என்றால் யாரை என்ன கேட்பது? கடலை என்றால் கையில் பிடிக்கிற மாதிரி ஒன்று இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மதினி வாசலுக்கு ஓடி வந்து இனியாவை வாங்கக் கையை நீட்டினாள். சுமதி கொடுக்கவில்லை. கோபத்தில் அல்ல, பிள்ளை தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். “கடலை மிட்டாய்தான்க்கா ஒத்துக்கிடல போல. டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டாரு” என்று மட்டும் சொன்னாள்.

மதினி நீட்டிய கையை இறக்கிக்கொண்டாள். உள்ளே போய் மிட்டாய்ப் பெட்டியை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் உறவில் பெரியவர்கள் சிலர் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இனியாவின் முதுகைப் பார்த்துவிட்டு, மதினி காப்பி போட உள்ளே போயிருந்த நேரத்தில், குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னாள்: “மிட்டாய் என்ன பண்ணும். குடுத்த கை அப்பிடி. பிள்ள இல்லாதவ ஏங்கிக் குடுத்தா ஒட்டுமா?”

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது. காப்பி வந்தது. மதினி எல்லோருக்கும் கொடுத்தாள், அந்தப் பெண்ணுக்கும்.

சுமதி சொன்னது கடலையை. ஊர் கேட்டது வேறு. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் பிள்ளையின் உடம்பில் தடிப்பு கிளம்புவதும் அடங்குவதுமாக இருந்தபோது, மற்றவர்கள் மனதைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

4

தடிப்பு அடங்கிவிட்டது. ஜெர்மனிக்குத் திரும்பிய பிறகு, குளிர் காலத்தில் மறுபடி வந்தது. சுமதி பிள்ளையின் தட்டில் விழுந்த எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தாள். கடலை இல்லை. ஆனாலும் கடையில் வாங்கிய பிஸ்கட்டில் கடலைத் துகள் இருந்திருக்கலாம் என்று முடிவுக்கு வந்தோம்.

இங்கே உள்ள குழந்தை மருத்துவர், “நுஸ் சாப்பிட்டிருக்கிறாளா?” என்று கேட்டார். கொட்டைகள் என்று பொருள். முந்திரி, பாதாம் மாதிரி எதையோ கேட்கிறார் என்று நினைத்து நான் இல்லை என்றேன். சுமதி அதே நொடியில் ஆமாம் என்றாள். மருத்துவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நிலக்கடலைக்கு அவர்கள் மொழியில் ‘மண்ணுக்கொட்டை’ என்று பெயராம். நம் ஊரில் கடலையை யார் கொட்டையில் சேர்க்கிறார்கள்? பயறு மாதிரி, பருப்பு மாதிரி அது அன்றாடச் சாமான். அப்பாவுக்கே பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியவில்லை என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

இந்தத் தடிப்புக்கு அவர்கள் சொல்லும் பெயரில் ஒரு செடியின் பெயர் இருந்தது. அகராதியைப் பார்த்தால், அது நம் செந்தட்டி மாதிரி, பட்டால் சுணைத்துத் தடிக்கும் செடி. ஊரில் பிள்ளை செந்தட்டியை மிதித்திருப்பாளோ என்று நான் கேட்டபோது மருத்துவர் சிரித்துவிட்டார். பெயர்தான் செடியினுடையது, நோய்க்கும் செடிக்கும் சம்பந்தமில்லை என்றார்.

இரத்தப் பரிசோதனை செய்தார்கள். கடலைக்கு நேராக அளவு கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதோடு தீர்ந்தது. இனியாவுக்குக் கடலை ஒவ்வாமை என்று எழுதிவிட்டார்கள். தொடையில் குத்தும் அவசர ஊசி ஒன்றை எப்போதும் கூடவே வைத்திருக்கச் சொன்னார்கள்.

மழலையர் பள்ளியில் இன்னொன்று நடந்தது. இனியாவின் ஆசிரியை ஒரு நாள், “உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்வீர்கள்?” என்று கேட்டார். என் மொழியைப் பற்றி இங்கே யாரும் கேட்பதில்லை. சந்தோஷத்தில் ‘காணாக்கடி’ என்று சொல்லி, “கண்ணுக்குத் தெரியாமல் கடித்தது” என்று விளக்கினேன். கடித்தது என்ற வார்த்தை மட்டும் அவரிடம் தங்கிவிட்டது போல. அந்தச் சமயம் பிள்ளையின் முதுகில் சொறிந்த கீறல்கள் வேறு இருந்தன.

சில நாள் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். ஆசிரியையோடு குழந்தைகள் நலத்துக்கான அலுவலகத்திலிருந்து ஒரு பெண்ணும் இருந்தார். நாங்கள் வருவதற்கு முன் இனியாவிடம், “உனக்கு இதை யார் செய்தது?” என்று அன்பாகக் கேட்டிருக்கிறார்கள். அவள், “பெரியம்மா” என்று சொல்லியிருக்கிறாள்.

“பெரியம்மா என்பவர் உங்களுடன் வசிக்கிறாரா?” என்று அந்தப் பெண் கேட்டார்.

இல்லை, அவர் என் அண்ணன் மனைவி, இந்தியாவில் இருக்கிறார், ஒரு மிட்டாய் கொடுத்தார், அவ்வளவுதான் என்று நான் விளக்கினேன். மருத்துவரின் தாள்களைக் காட்டினேன். அவர்கள் புரிந்துகொண்டார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அவர்கள் வேலை அது, குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் வீட்டுக்கு நடந்து வரும்போது சுமதி கேட்டாள்: “பெரியம்மான்னு அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியம்மா கொடுத்த மிட்டாயால் வந்தது என்று நாங்கள் ஊருக்கும் இங்குள்ள நண்பர்களுக்கும் போனில் சொல்லும்போதெல்லாம் அவள் அதே அறையில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

5

அதற்குப் பிறகும் தடிப்பு வந்தது. வந்தபோதெல்லாம் இன்னொரு சாப்பாடு கழிந்தது. முதலில் முட்டை, பிறகு மீன், தக்காளி, கத்தரிக்காய், கொஞ்ச காலம் பால். மருத்துவரைக் கேட்டு நிறுத்தியவை குறைவு, நாங்களே பயந்து நிறுத்தியவைதான் அதிகம். இனியா இளைத்தாள். கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. சுமதி வேலையைப் பாதி நேரமாகக் குறைத்துக்கொண்டு அடுப்படியிலேயே கிடந்தாள். பள்ளியில் வேறு பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் இனியா தன் டப்பாவிலிருந்து சோற்றுருண்டையை எடுத்துச் சாப்பிடுவாள்.

பிள்ளை தடுமாறாமல், பிழையில்லாமல் பேசிய முதல் ஜெர்மன் வாக்கியம் எனக்கு நினைவிருக்கிறது. “இதை நான் சாப்பிடலாமா?” என்பதுதான் அது. தமிழில் அவளுக்கு அவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் வந்ததில்லை.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிடுவான். ஒரு ஞாயிறு சொன்னான்: “ஏலே, முருங்கய வெட்டிப் போட்டேன்.”

வீட்டுக்குப் பின்னால் நின்ற மரம், காய்த்துக்கொண்டிருந்த மரம். “எதுக்குண்ணே?” என்றேன்.

“அதுலதான கம்பளிப்பூச்சி கெடக்கும். பிள்ள அங்கனதான் வெளையாடிக்கிட்டுருந்தா. பூச்சி முடி பட்டாலும் தடிக்கும்லா. இனி பயமில்ல. கூட்டிட்டு வா.”

“அது கடலைன்னு டெஸ்ட்ல வந்துருச்சுண்ணே.”

“வரட்டும்ல. இதுவும் இருந்துட்டா?”

இன்னொரு ஞாயிறு, ஆடுகளை மதினியின் தம்பி தொழுவில் கொண்டுவிட்டதாகச் சொன்னான். ஆட்டு முடி பறக்குமாம், பிள்ளைக்கு ஆகாதாம். பிறகு ஒரு தடவை, மிளகாய் வத்தலை இனி வீட்டு முன்னால் காயப் போடுவதில்லை, காட்டிலேயே காய வைத்துக் கொண்டுவருகிறோம் என்றான். அவன் சொல்லச் சொல்ல எனக்குச் சலிப்பாக இருந்தது. விவரம் தெரியாமல் செய்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சுமதியிடம் சொன்னபோது அவள், “பாவம்ங்க” என்றாள்.

ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே கேள்வியில் முடிப்பான். “எப்ப வாரிய?”

கடலை மிட்டாய் மணக்கும் ஊருக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகச் சுமதி சம்மதிக்கவில்லை. அவசர ஊசி வேண்டியிருந்து, அதற்குப் பிறகும் ஆஸ்பத்திரி போக வேண்டியிருந்தால், பசுவந்தனையிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்டாள். நான் மட்டும் போய் வந்திருக்கலாம். விடுப்பு, வேலை, பிள்ளை என்று அதுவும் தள்ளிக்கொண்டே போனது.

போன மார்கழியில் அண்ணன் காட்டுக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கோவில்பட்டிக்குக் கொண்டுபோகும் வழியில் போய்விட்டான். எனக்குச் செய்தி வந்தபோது நான் காற்றாலையின் உச்சியில் இருந்தேன். இறங்கி வந்து விமானத்துக்கு அலைந்து, முடியாமல், கடைசியில் யாரோ பிடித்துக் காட்டிய செல்போனில் அவன் முகத்தைப் பார்த்தேன். இனியா என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்டாள்.

6

அதற்குப் பிறகு வந்த வசந்தத்தில், பக்கத்துப் பெருநகரத்து மருத்துவமனையில் ஒவ்வாமை நிபுணரைப் பார்க்க முறை கிடைத்தது. பதிவு செய்து ரொம்ப நாளாகியிருந்தது. நடுவயதுப் பெண். வேறு எதையும் கேட்பதற்கு முன், “முதல் தடவை, கடலை சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் தடிப்பு வந்தது?” என்று கேட்டார்.

சாயங்காலம் சாப்பிட்டாள், மறுநாள் மதியம் வந்தது என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே விநோதமாகக் கேட்டது. இத்தனை காலமும் ‘மிட்டாய் தின்றாள், தடிப்பு வந்தது’ என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தோம். நடுவில் கிடந்த பொழுதை யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

“சாப்பாட்டால் என்றால் பெரும்பாலும் சில நிமிடங்களில் வரும். அதிகம் போனால் ஒன்றிரண்டு மணி நேரம். அடுத்த நாள் வருவது அரிது. சரி, அதற்கு முன் அவள் கடலை சாப்பிட்டதே இல்லையா?”

சுமதியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஊருக்குப் போனதிலிருந்து காலையில் தோசைக்குக் கடலைச் சட்னிதான். இனியா அதை விரலால் வழித்துச் சாப்பிடுவாள். சுமதி மெல்ல, “சாப்பிட்டிருக்கிறாள். பல நாள்” என்று ஜெர்மனில் சொன்னாள்.

“தடிப்பு வந்தபோதெல்லாம் சளி இருந்ததா?”

இருந்தது. முதல் தடவையும் இருந்தது. பிறகு வந்ததெல்லாம் குளிர் காலத்தில், பள்ளியில் எல்லாப் பிள்ளைகளும் இருமிக்கொண்டிருந்த சமயங்களில்.

இரத்தத்தில் அளவு கூடியிருப்பது ஒவ்வாமைக்குச் சான்று ஆகாது, கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். வீட்டில் நீங்களாகச் செய்யக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். இன்னொரு நாள் வரச் சொல்லி, மருத்துவமனைக் கட்டிலில் உட்கார வைத்து, அரைத்த கடலையைக் கூழில் கலந்து ஊசிமுனை அளவில் ஆரம்பித்தார்கள். கொடுத்து, காத்திருந்து, கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள். இனியா ஒவ்வொரு கரண்டிக்கும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சுமதி அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு கைப்பிடிக் கடலைக்குச் சமமானதைச் சாப்பிட்டு முடித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

“கடலை இல்லை” என்றார் நிபுணர். “அன்றைக்கும் இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சளிக் கிருமிகளில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல வழியில்லை. சிறு குழந்தைகளுக்கு இப்படித்தான். வளர வளரப் போய்விடும். நிறுத்திய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொடுக்க ஆரம்பியுங்கள்.”

சுமதி அந்த இடத்திலேயே அழுதாள். சந்தோஷம் என்று நர்சு நினைத்துக்கொண்டு அவள் தோளைத் தட்டினார்.

அன்றைக்கே மதினியைக் கூப்பிட்டேன்.

“மதினி, கடல இல்லயாம். இன்னைக்கு ஆஸ்பத்திரில வச்சுத் தின்னா. ஒண்ணும் செய்யல.”

“அப்ப எதனாலயாம் தம்பி?”

“சளியாலயா இருக்கும்னு சொல்லுதாங்க. உறுதியாத் தெரியாதாம்.”

“சளியா” என்றாள். பிறகு, “அவிய இருந்து இதக் கேட்டுருக்கலாம்” என்றாள்.

“நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க மதினி.”

“நான் என்னத்த வைக்கேன். அவியதான் கெடந்து தவிச்சாவ. மரத்த வெட்டுனது, ஆட்ட ஓட்டுனது எல்லாம் எதுக்குங்கீங்க? எங்கையால வரலன்னு ஊருக்குக் காட்டணும்லா. பூச்சிதான், பூச்சிதான்னு டீக்கடையில உக்காந்து சொல்லிக்கிட்டே இருப்பாவ. எவன் கேட்டான்?”

விவரம் தெரியாமல் வெட்டுகிறான் என்று நான் நினைத்த மரம் அது. மனைவியின் கையை விட்டால் வேறு எதன் மேல் வேண்டுமானாலும் பழி போகட்டும் என்று ஒருவன் தன் வீட்டைச் சுற்றி இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறான்.

7

இங்கே பள்ளிக் கோடை விடுமுறை நம் ஆடி மாதத்தில் வரும். இந்த முறை மூவரும் போனோம். காடு விதைப்புக்குக் காத்துக் கருகருவென்று வெடித்துக் கிடந்தது. மதினி வாசலில் நின்றாள். இளைத்திருந்தாள். முன்பு போல ஓடி வந்து பிள்ளையைத் தூக்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றபடியே, “வா தாயி” என்றாள்.

சுமதி போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா” என்றாள். மதினி, “உள்ள வா, வெயிலா இருக்கு” என்றாள்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சோறு, பருப்பு, ஒரு கூட்டு. காரமில்லாமல், தாளிப்புக்கூட இல்லாமல் செய்திருந்தாள். இனியா தட்டைத் தொடவில்லை. மருத்துவமனைக்குப் பிறகும் அவள் புதுச் சாப்பாடு எதையும் எளிதில் தொடுவதில்லை. ஒன்றும் செய்யாது என்று நாங்கள் எத்தனை முறை சொல்லியும் அவளுக்கு அது ஏறவில்லை. தட்டைப் பார்த்தாள், மதினியைப் பார்த்தாள். பிறகு தன் உடைந்த தமிழில் கேட்டாள்:

“நீங்கதானே பெரியம்மா? எனக்கு அந்த மிட்டாய் குடுத்தது நீங்கதானே?”

“அது மிட்டாய் இல்ல கண்ணு. டாக்டர் சொன்னாங்கல்ல. அது சும்மா சளி” என்று நான் அவசரமாகச் சொன்னேன். பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. பதிலுக்காக மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதினி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஆமா தாயி. நாந்தான் குடுத்தேன்” என்றாள்.

“மதினி” என்றேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. “தெரியாமக் குடுத்துட்டேன். இனி குடுக்க மாட்டேன். இந்தச் சோத்துல ஒண்ணும் இல்ல, வெறும் பருப்புதான். பயப்படாமத் தின்னு.”

இனியா அதை யோசித்தாள். எதிரே இருந்த பெண்ணின் முகத்தில் பொய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு தலையை ஆட்டினாள், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் எடுத்து வைத்தாள். அப்புறம் இன்னொரு வாய்.

சுமதி எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டாள். மதினி குனிந்து, பிள்ளையின் தட்டில் இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றினாள்.